ஆணி நின்ற இடம்

"குடுக்க மாட்டேன்னா அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்? மடியில கட்டிக்கிட்டே சுத்தப் போறியா?"

"அவன் கையில குடுக்கிறதுக்கு டாக்டர் ஊசியே மேல்."

"வாய்க்கு வந்ததைப் பேசாதடீ."

"யோசிச்சுத்தான் பேசறேன்க்கா. நம்பி ஒரு உயிரைக் குடுத்தேன். கொண்டுபோய் ரோட்டுல போட்டுட்டான். இப்ப மிச்சம் இருக்கிறதையும் குடுங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறான்?"

"அவனுக்கு இருக்கிறது ஒரு மூஞ்சிதானே. அதை வெச்சுக்கிட்டுத்தான் கேப்பான்" என்றாள் அக்கா.

அவள் நாய்களுக்கான குண்டானைத் துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தாள். துடுப்பு என்றால் நிஜமான துடுப்பு. எந்தப் படகிலிருந்தோ உடைந்து, பழைய இரும்புக் கடைக்கு வந்து, அங்கிருந்து இந்த அடுப்படிக்கு வந்தது. அத்தனை பெரிய குண்டானுக்கு ஏற்ற கரண்டி வேறு கிடைக்கவில்லை. ஆவி மூக்குக் கண்ணாடியை மூடியிருந்தது. அதைத் துடைக்காமல், மூடுபனிக்குள் தனியாகப் படகு ஓட்டுகிறவளைப்போல நின்று கிளறினாள். எதிரே கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து தங்கை கோழிக் கழுத்துகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி வேண்டிய அளவைவிடப் பலமாகவே விழுந்தது.

தெருவில் தங்கைக்கு நாய்க்காரம்மா என்று பெயர். அக்காவுக்கு, நாய்க்காரம்மாவோட அக்கா. "முன்னால பொறந்து என்ன பிரயோஜனம், கடைசியில உனக்கு வாலாப் போயிட்டேன்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். காலமெல்லாம் ஹெட்போன் மாட்டியதில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டுவதுபோலக் குரல் மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது.

இருவரும் நாய்களோடு குடியிருந்தது மூடிப்போன ஒரு ஐஸ் பேக்டரியில். ஐஸ் பாளங்கள் அடுக்கியிருந்த கூடத்தில் இப்போது கம்பிக் கூண்டுகள் வரிசையாக நின்றன. தரை ஒரு பக்கமாகச் சரிந்து சாக்கடையில் முடிந்ததால் கழுவிவிடச் சுலபம். சுவர்கள் முழங்கை அளவு தடிமன் என்பதால் குரைப்பு வெளியே போகாது. அக்கம்பக்கத்துக்காரர்கள் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டதற்கு அந்தச் சுவர்கள்தான் காரணம். இரக்கம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர் சாயங்காலம் வந்துடுவார்" என்றாள் அக்கா.

"தெரியும்."

"இவன் மூணு மணிக்கு வரேன்னிருக்கான். வரட்டும். திட்டணும்னா நேர்ல திட்டு. எனக்கென்னவோ குண்டூசிக்கு வேற ஆள் வருவான்னு தோணல."

தங்கைக்கும் தோணவில்லை. அதனால்தான் கத்தி அப்படி விழுந்தது.

குண்டூசி என்பது ஒரு நாயின் பெயர். பெயர் வைப்பது அக்காவின் இலாகா. நாய் வந்து இறங்கும்போது அவள் கையில் எது இருக்கிறதோ அதுவே பெயர். கூடத்தில் பூட்டு, தார்ப்பாய், சீப்பு, டப்பாமூடி எல்லாம் வாலாட்டிக்கொண்டிருந்தன. அந்த அண்ணன் நாயும் தங்கை நாயும் வந்த அன்று அக்கா ஒரு கூண்டின் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பெரியவன் வேனிலிருந்து குதித்ததும் சுவரோரத்துப் புறா ஒன்றைப் பார்த்து அடித்துவைத்தாற்போல நின்றுவிட்டான். "ஆணி" என்றாள் அக்கா. பின்னாலேயே அவனில் பாதியாக, எலும்பும் புள்ளிகளுமாக ஒன்று இறங்கியது. அது குண்டூசி.

பாயிண்டர் என்கிற வேட்டை ஜாதி. வெள்ளை உடம்பில் காப்பிக் கறைபோலத் திட்டுகள். நாள் முழுக்கக் காட்டை அளந்தாலும் களைப்புத் தெரியாத கால்கள். புதருக்குள் ஒளிந்திருக்கும் பறவையின் வாசனை கிடைத்த கணத்தில் அத்தனை ஓட்டமும் உறைந்துபோகும். ஒரு முன்னங்கால் மடிந்து அந்தரத்தில் நிற்கும். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே கோடு. துப்பாக்கிக்காரன் வந்து சேரும்வரை அப்படியே இருக்கும். பார்க்க அழகுதான். அந்த அழகைப் பார்த்து வாங்கிப்போகிறவர்கள், அது வீட்டுக்குள் சும்மா உட்காராது என்று தெரிந்த மறுவாரம் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

அவை இருந்த இடம் ஒரு பணக்காரரின் வேட்டைக் கொட்டில். அவர் செத்துப்போனதும் வாரிசுகள் நிலத்துக்காக அடித்துக்கொண்டார்கள். கூண்டுகளில் நாய்கள் இருப்பது யாருக்கும் நினைவில்லை. அக்காவும் தங்கையும் வேனோடு போய்ச் சேர்ந்தபோது பெரும்பாலான கூண்டுகளைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு கூண்டில் மட்டும் இரண்டு, ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையைப் போட்டுக்கொண்டு, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சம்பளம் நின்றதிலிருந்து தானும் உள்ளே போவதில்லை என்றான், ஏதோ நியாயம் சொல்வதுபோல. வேன் கிளம்பும்போது எழுந்துவந்து கதவைத் தட்டினான்.

"இதுங்க நின்னுட்டா கூப்பிடாதீங்க. வராது. பக்கத்துல போய் தோள்பட்டையில கையை வைங்க. அப்பதான் விடும்."

"கூப்பிட்டா ஏன் வராது?"

"கூப்பிட்டதும் வந்ததுங்களுக்கு இங்க என்ன கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று சிரித்தான். "கூப்பிடக் கூப்பிட இன்னும் இறுக்கிக்கிட்டு நிக்கும். அப்படிப் பழக்கினது."

தங்கை வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவன் சொன்னதை அவள் ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவள் கை ஞாபகம் வைத்துக்கொண்டது. வாளியோடு கூண்டுகளைத் தாண்டிப் போகும்போது ஆணியோ குண்டூசியோ கூரைப் புறாவைப் பார்த்து விறைத்து நின்றால், நடையை நிறுத்தாமலே தோளில் ஒரு தொடு. உடனே உருகி வாலை ஆட்டும். ஈ உட்கார்ந்தால் கன்னத்தைத் தட்டுவதுபோல, எண்ணம் தலைக்குப் போகாமலே நடக்கும் காரியமாக அது ஆகிவிட்டது.

ஆணியைக் கொண்டுபோனவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். தனி ஆள். தினமும் விடிகாலையில் ஊர் எல்லைவரை ஓடிவிட்டு வந்துதான் வேலைக்குப் போவான். இந்த ஜாதிக்கு இவனைவிடப் பொருத்தமானவன் கிடைக்க மாட்டான் என்று இருவருமே நினைத்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்பதாக இருந்தது. அவன் வீட்டு மாடியில் இரண்டுக்கு இடம் பத்தாது. தங்கை ஒரு நாள் முழுக்க யோசித்துப் பிரித்துக் கொடுத்தாள். ஒன்றாவது பிழைக்கட்டும் என்றுதான்.

பிரித்த அன்றிலிருந்து குண்டூசி சுற்ற ஆரம்பித்தாள். கூண்டுக்குள் வட்டமாக, ஒரே திசையில், சிமெண்டில் தடம் விழுகிற மாதிரி. பிறகு முன்னங்காலை நக்கத் தொடங்கினாள். முடி போனது, தோல் போனது, கட்டுப்போட்டால் கட்டைக் கடித்துப் போட்டுவிட்டு நக்கினாள். கம்பியைக் கடித்ததில் பல் ஒன்று முறிந்தது. ஒரு குடும்பம் ஆசையாகக் கொண்டுபோய், அவள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்த பிறகு கம்பளியில் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. கால்நடை டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது என்றார். "கூண்டை விட்டு வெளியே போகணும். ஓடணும். இல்லேன்னா இது உயிரோட வெச்சிருக்கிறதாகாதும்மா, கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றது. சாயங்காலம் ஊசியோட வரேன். நாளைக்குன்னா நாளைக்கு. ஆனா நாளைக்கும் இதையேதான் சொல்லுவேன்."

அதற்கு முந்தின வாரந்தான் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்திருந்தது. ஆணியை லாரி அடித்துவிட்டது என்றான். தங்கை அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். இப்போது அவன் குண்டூசியைக் கேட்கிறான்.

அவன் சொன்ன நேரத்துக்கே வந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். சட்டைப் பையில் டெஸ்டர், முழங்கையில் கிரீஸ். தோளில் தொங்கிய பழைய டூல் பையை இறக்கும்போது உள்ளே இரும்புகள் இடித்துக்கொண்டன. முப்பத்தைந்து வயதிருக்கும். போன தடவை வந்தபோது இருந்ததைவிட முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

"வாங்க சார், வாங்க" என்றாள் அக்கா, ஊருக்கே கேட்கும் குரலில். "உள்ள திட்டு ரெடியா இருக்கு. டீ போடறேன், ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம்."

அவன் சிரிக்க முயன்றான். "டீ மட்டும் வேண்டாம்மா."

தங்கை கை கழுவாமலே எழுந்து முற்றத்துக்கு நடந்தாள். அவன் பின்னால் போனான். பேக்டரிக்குப் பின்பக்கம் மதில் சூழ்ந்த வெட்டவெளி அது. ஐஸ் உறையவைக்கும் துருப்பிடித்த அச்சுப்பெட்டிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அவற்றின் இடுக்குகளில் புல்லும் முள்ளும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. நாய்களை அவிழ்த்துவிட அந்த ஒரு இடந்தான் உண்டு.

"சொல்லுங்க. எப்படி?" என்றாள்.

அவன் பையைத் தரையில் வைத்தான். வைத்த பிறகும் வாரைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"ஓட்டம் முடிஞ்சு திரும்பிட்டிருந்தோம் மேடம். பைபாஸ் ஓரத்துல சர்வீஸ் ரோடு. தினமும் போற வழிதான். அவன் கயிறை என் இடுப்புலதான் கட்டியிருப்பேன், நீங்க சொன்ன மாதிரி. ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு. குனியறதுக்குத் தோதா கயிறைக் கழட்டி முட்டிக்கு அடியில அழுத்தி வெச்சேன். ஒரு இழுப்பு. அவ்வளவுதான்."

"கயிறை ஏன் கழட்டினீங்க?"

"தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகாது மேடம்."

அவன் எதிர்த்துப் பேசுவான் என்று நினைத்திருந்தாள். அதற்கான பதில்களை ஒரு வாரமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எதுவும் பயன்படவில்லை.

"பாஞ்சு ரோட்டுக்குள்ள போயிட்டான்" என்று தொடர்ந்தான். "ரோட்டுக்கு நடுவுல அரளிச் செடி வெச்சிருப்பாங்க இல்ல, அதுக்குள்ள ஏதோ பறவை இருந்திருக்கணும். செடிக்கு ஒரு அடி முன்னால, வண்டிங்க வேகமாப் போற தடத்துல, நின்னுட்டான். காலைத் தூக்கிக்கிட்டு. நான் இந்தப் பக்கம்."

தங்கையின் முகத்தில் எதுவோ அசைந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அச்சுப்பெட்டிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருந்தது மேடம். ரோட்டுல கையை விட்டுப் போயிட்டா துரத்தாதீங்க, துரத்தினா விளையாட்டுன்னு ஓடும், நின்ன இடத்துல இருந்து கூப்பிடுங்கன்னு சொன்னீங்க. கோபமாக் கூப்பிட்டா பயப்படும், சந்தோஷமாக் கூப்பிடுங்கன்னீங்க. சந்தோஷமாத்தான் கூப்பிட்டேன். அவ்வளவு லாரி போகுது, நான் கையைத் தட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, வாடா ராசா, வாடா என் தங்கம்னு... பாத்தவங்க பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க."

அடுப்படியிலிருந்து துடுப்பு குண்டானில் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அவனுக்குக் கேட்டுச்சு மேடம். காது என் பக்கம் திரும்பிச்சு. கண்ணும் ஒரு தடவை திரும்பிச்சு. ஆனா வரல. நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் விறைச்சான். உடம்பெல்லாம் நடுங்குது, கால் மட்டும் அசையல. ரெண்டு மூணு வண்டி ஒதுங்கிப் போச்சு. ஒரு பஸ்காரர் நிறுத்திக்கூடப் பாத்துட்டுப் போனார். நிக்கிறானே, நிக்கிறவரைக்கும் நல்லதுதான், ஓடினாத்தானே ஆபத்துன்னு நான்..."

அவன் நிறுத்திக்கொண்டான். டூல் பையின் வாரைச் சுருட்டினான், விரித்தான்.

"போய்த் தூக்கிட்டு வந்துடலாம்னு ஒரு கட்டத்துல தோணிச்சு. காலை எடுத்து வெச்சேன். நான் போனா பயந்து ஓடிடுவானோன்னு திரும்ப நின்னுட்டேன். நின்னு, இன்னொரு தடவை கூப்பிட்டேன். அப்பதான் அந்த லாரி."

தங்கை தன் வலது கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் கோழி ரத்தம் காய்ந்திருந்தது. இவனுக்கு எதையெல்லாம் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு தீனி, எந்த நேரத்தில் ஓட்டம், வெயிலில் ஓட்டினால் நாக்கின் நிறம் எப்படி மாறும், உண்ணியை எப்படிப் பிடுங்குவது, பாதத்தில் முள் இருந்தால் எப்படித் தெரியும். அன்று பொழுது சாயும்வரை உட்காரவைத்துச் சொன்னாள். அக்காகூட, "கல்யாணத்துக்குப் பொண்ணு குடுக்கிறவங்ககூட இவ்வளவு பேச மாட்டாங்கடீ" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். தன் கைக்கு மட்டுமே தெரிந்திருந்ததை வாய் சொல்லவில்லை. சொல்ல ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதற்குப் பதிலாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். சந்தோஷமாகக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும். சொன்னால் இவன் ஒவ்வொரு கூப்பாட்டையும் திரும்ப எண்ணிப் பார்ப்பான். தன் குரல்தான் ஆணியை அந்த இடத்தில் அறைந்து வைத்தது என்று புரிந்துகொள்வான். அந்தக் குரலைக் கொடுத்தனுப்பியது யார் என்றும் புரிந்துகொள்வான். அதற்குப் பிறகு இந்த வாசலில் எதற்கு நிற்பான்? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் டாக்டர் வருவார். சொல்லாமல் கொடுத்தாலோ, குண்டூசியும் அதே ரோட்டோரம்தான் ஓடப் போகிறாள். பொதுவான யோசனைபோல மேலோட்டமாகச் சொல்லிவிட முடியுமா என்று பார்த்தாள். முடியாது. லிஃப்ட் ஏன் நின்றது என்று கண்டுபிடித்தே சோறு தின்கிறவன் இவன்.

"மாடிக்கும் மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுடும் மேடம்" என்றான் அவன், அவள் நினைத்ததைக் கேட்டவன்போல. "உள்ள ஆளுங்க கத்துவாங்க. பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் வராது. மேல மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கைக் கையால விடுவிக்கணும். அதுக்குன்னு ஒரு லிவர் இருக்கும். எந்த கம்பெனி லிஃப்டா இருந்தாலும் இருக்கும், எங்கன்னுதான் தேடணும். ஒரு வாரமா ராத்திரி கண்ணை மூடினா நான் அந்தச் செடிகிட்ட நின்னு அவன் மேல லிவர் தேடிக்கிட்டிருக்கேன். பைத்தியக்காரத்தனம்தான்."

அவள், "கால்ல பெரிய புண்ணு இருக்கு, கட்டைக் கடிக்க விடாதீங்க" என்றாள். சொன்ன பிறகு தன் குரலையே யாரோ மூன்றாம் மனுஷியின் குரல்போலக் கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். "அப்ப குடுக்கிறீங்களா?"

"முதல்ல உங்ககூட வராளான்னு பாக்கலாம்."

அவள் கூடத்துக்குப் போனாள். குண்டூசி சுற்றிக்கொண்டிருந்தாள். கூண்டைத் திறந்தும் நிற்கவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டு, ஏதோ கடனைத் தீர்த்தவள்போல வெளியே வந்தாள். முற்றத்தில் கால் வைத்ததும் மூக்கு உயர்ந்தது. மெக்கானிக்கிடம் போகவில்லை. நேராக அந்த டூல் பையிடம் போய், திறந்திருந்த வாய்க்குள் தலையை முழுக்க விட்டாள்.

"அவன் கழுத்துப் பட்டை உள்ள இருக்கு" என்றான் அவன். "எங்க வைக்கிறதுன்னு தெரியல. வேலைக்குப் போகும்போதும் கூடவே எடுத்துட்டுப் போறேன்."

ஸ்பானர்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவிலிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் இழுத்தாள். பிறகு தலையை வெளியே எடுத்து, பையைச் சுற்றி ஒருமுறை நடந்து, அவன் காலடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்! தங்கை இந்த மாதங்களில் அதைப் பார்த்ததே இல்லை. மெக்கானிக் குனியவில்லை, தடவவில்லை.

"அக்கா!" என்று தங்கை கூவினாள். "இங்க பாரேன்!"

அடுப்படி ஜன்னலில் ஆவி படிந்த கண்ணாடியோடு அக்காவின் முகம் தெரிந்தது. "ஆமா, பாத்தேன். இதைத்தான் காலையிலேருந்து கத்தறேன். நல்ல காது உனக்கு, மந்தக் காது எனக்கு." முகம் மறைந்தது.

"மதில் இருக்கு. கயிறு வேண்டாம், கொஞ்சம் ஓடட்டும்" என்றாள் தங்கை. ஒருவேளை சொல்லாமலே முடிந்துவிடும் என்று அவள் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. வேறு வழியில் ஓட்டச் சொல்லலாம். கயிறைக் கழற்றவே கூடாது என்று சத்தியம் வாங்கலாம். நாமே அடிக்கடி போய்ப் பார்க்கலாம். வழிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகள்.

குண்டூசி ஓடினாள். மெக்கானிக்கும் பக்கத்தில் ஓடினான். வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு, மதிலோரமாக, ஒரு பெரிய வட்டம். புண்பட்ட கால் இரண்டு எட்டுக்கு ஒருமுறை தரை தொட்டது. இருந்தும் அவள் முதுகு காற்றில் வளைந்து நீண்டது. பழைய ஐஸ் பெட்டிகளும் முள்ளும் மங்கிய வெயிலும் அவளைச் சுற்றி ஓடுவதுபோலத் தெரிந்தது. கூண்டுக்குள் சுற்றிய வட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் யாரும் சொல்லாமலே தெரிந்தது. தங்கை அழுதுவிடுவாள்போல இருந்தாள்.

மூன்றாவது வட்டத்தில் குண்டூசி நின்றாள்.

அச்சுப்பெட்டிக் குவியலுக்கு எதிரே, பாதி எட்டில். மடித்த கால் அந்தரத்தில். மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு. பெட்டிகளுக்குள் எங்கேயோ ஒரு புறா தொண்டையை உருட்டியது.

மெக்கானிக் சில எட்டுகள் தாண்டிப் போயிருந்தான். திரும்பிப் பார்த்தான். இது மதில் சூழ்ந்த முற்றம், இங்கே லாரி கிடையாது என்று அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். உடம்புக்குத் தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றான். கைகளை உயர்த்தினான். தட்டினான்.

"வாடா ராசாத்தி" என்றான். "வாடா தங்கம். வா, வா, வா."

சந்தோஷமான குரல். அவள் சொல்லிக்கொடுத்த அதே குரல். குழந்தைகளுக்குப் பலூன் காட்டுகிறவனின் குரல். அதை இவ்வளவு பக்கத்தில் கேட்க வேண்டியிருக்கும் என்று தங்கை நினைத்ததில்லை.

குண்டூசியின் காது அவன் பக்கம் திரும்பியது. முதுகுத் தசை இறுகியது.

"வாடா என் செல்லம். இங்க பாரு. இங்க பாரு, நான்தானே."

இன்னும் இறுகியது. விலா எலும்புகளின் மேல் தோல் நடுங்கியது. காலில் போட்டிருந்த கட்டை மீறிச் சொட்டுச் சொட்டாக ரத்தம் மண்ணில் விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து அந்தச் சிரிப்புக்குள் போனது.

தங்கையிலிருந்து குண்டூசி நாலைந்து எட்டு தூரத்தில்தான் இருந்தாள். வலது கை தானாக எழுந்தது. அதை இடது கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போய்த் தொட்டால் அவன் பார்த்துவிடுவான். தொடாவிட்டால் இந்தக் குரல் நிற்கப்போவதில்லை. புறா பறந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பறந்தாலும் இவள் நகர மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். அப்படிப் பழக்கினது.

புறா பறந்தது. பெட்டிகளின் மேலேறி, மதிலைத் தாண்டிப் போனது. குண்டூசி அசையவில்லை.

"மேடம்" என்றான் அவன், நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இப்படித்தான் மேடம். இதே மாதிரிதான்."

அடுப்படி ஜன்னல் மறுபடி திறந்தது. துடுப்போடு அக்கா எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். வருஷக்கணக்காக ஊரின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு இணைத்த குரல் அந்த முற்றம் முழுவதும் நிறைந்தது.

"என்னடீ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே? தொட்டு விடேன்! தோள்ல ஒரு கை வெச்சா வந்துடப் போறா. புண்ணுக் காலை வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பா பாவம்!"

ஜன்னல் மூடிக்கொண்டது. துடுப்பு மறுபடி உரசியது.

மெக்கானிக்கின் கைகள் தட்டுவதற்காக விரிந்தபடியே நின்றன. பிறகு மெல்ல இறங்கின. அவன் முதலில் ஜன்னலைப் பார்த்தான். பிறகு குண்டூசியின் தோளைப் பார்த்தான். வெள்ளைத் தோலில் அந்த இடத்தில் மட்டும் முடி படிந்து வழவழவென்றிருந்தது, தினமும் யாரோ தொட்டுத் தொட்டுத் தேய்ந்ததுபோல. கடைசியாகத் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அவள் முகத்தை இல்லை. முதுகுக்குப் பின்னால் போயிருந்த அவள் கைகள் இருக்கும் இடத்தை.

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தவில்லை. முழங்கால் மண்ணில் படும்படி குண்டூசியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கிரீஸ் படிந்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அந்த நடுங்கும் உடம்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில், தொடாமல், கையை நிறுத்தினான்.

"இங்க வாங்க மேடம்" என்றான். "எங்க தொடணும்னு காட்டுங்க."